ஒரே தெரு, இரு சீருடைகள்

காலை எட்டு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே சற்று நேரம் நின்று பாருங்கள். கழுத்தில் டையும் காலில் பாலிஷ் போட்ட ஷூவுமாகச் சில பிள்ளைகள் மஞ்சள் நிற வேனுக்காகக் காத்திருப்பார்கள். அதே தெருவிலிருந்து, அரசு வழங்கிய சீருடையும் புத்தகப் பையுமாக வேறு சில பிள்ளைகள் கூட்டமாக நடந்து போவார்கள். ஆவடியிலும் இதே காட்சிதான், பூவிருந்தவல்லியிலும் இதேதான். மாலையில் இரு சாராரும் ஒரே தெருவுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

இதில் என்ன இருக்கிறது, அவரவர் வசதிக்கு ஏற்ற பள்ளி என்று நாம் கடந்து போய்விடுகிறோம். ஒரு கேள்வியை மட்டும் நின்று கேட்டுப் பார்ப்போம். வேனில் ஏறும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? நடந்து போகும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பணம் மட்டும்தான் அவர்களைப் பிரிக்கிறதா, அல்லது பணத்தின் பின்னால் வேறொன்றும் நிற்கிறதா? கல்விப் பணியைத் தன் அடையாளமாகக் கொண்ட திருச்சபையின் மக்களாகிய நாம் இக்கேள்விக்கு முகம் கொடுத்தே ஆகவேண்டும்.

அங்கே நிறம், இங்கே சாதி

அமெரிக்க நாட்டில் இதே கேள்வி நிறத்தை முன்வைத்துக் கேட்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனி அரசுப் பள்ளிகளில் வைப்பது சட்டத்துக்கு முரணானது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே தென் மாநிலங்களில் பல வெள்ளையினப் பெற்றோர் தங்களுக்கென்று தனியார் பள்ளிகளைத் தொடங்கிக்கொண்டார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். வெள்ளையினப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலர் பள்ளியே இல்லாமல் அந்த ஆண்டுகளை இழந்தார்கள்.

அங்கே திருச்சபையும் சோதிக்கப்பட்டது. செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர், நீதிமன்றம் சொல்வதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, 1947-இல், தம் மறைமாவட்டப் பள்ளிகளின் கதவுகளை எல்லா நிறத்தாருக்கும் திறந்துவிட்டார். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1962-இல் அதையே செய்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய கத்தோலிக்கர் மூவரை அவர் திருச்சபை உறவிலிருந்தே விலக்கினார்.

நம் நாட்டில் எந்தப் பள்ளி வாசலிலும், இன்ன சாதியாருக்கு இடமில்லை என்று பலகை கிடையாது. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் சமயம், இனம், சாதி, மொழி காரணமாக ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பழைய கதையை நாம் மறந்துவிட முடியாது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது 1920-களில் தமிழகத்தையே உலுக்கியது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் சேர்க்க மறுத்த காலத்தில், அவர்களுக்கென்று அன்றைய சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தியது. அந்த வழியில் வந்தவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்தப் பெயரில் மாநிலமெங்கும் இயங்கி வந்துள்ளன. அன்று இடம் கிடைக்காதவர்களுக்குப் புகலிடமாக வந்த பெயர், பின்னாளில் பிள்ளையின் சாதியைச் சொல்லும் முத்திரையாகவும் ஆகிவிட்டது.

இந்த மண்ணின் கதை

நம் மேற்குப் புறநகர்ப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1955-ஆம் ஆண்டு சனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணியிலான சமுதாயமே இந்நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது ஆவடியில்தான். அப்போது தமிழகத்தின் முதல்வர் காமராசர். ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் மதிய உணவு என்று அவர் எடுத்த முயற்சியால் எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறை எழுத்தறிந்தது.

அதே காலத்தில் இங்கே தொழில் வளர்ந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1960-களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பல சாதியினர், பல சமயத்தினர் வேலை தேடி வந்து பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியேறினார்கள். ஊரில் சேரியும் ஊரும் தனித்தனி. ஆலைக் குடியிருப்பில் ஒரே சுவர். அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் அருகிலிருந்த அரசுப் பள்ளியிலோ, அருட்சகோதரிகளும் அருள்பணியாளர்களும் நடத்திய உதவிபெறும் பள்ளியிலோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள்.

1980-களுக்குப் பிறகு நிலை மாறியது. ஆங்கில வழி மெட்ரிகுலேஷன் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நிலையான சம்பளம் உள்ளவர்கள் முதலில் பிள்ளைகளை மாற்றினார்கள். பிறகு சிறு கடைக்காரர்கள், பிறகு ஆட்டோ ஓட்டுநர்கள். கடைசியில் போக வழியில்லாதவர்களின் பிள்ளைகளே அரசுப் பள்ளியில் அதிகம் எஞ்சினார்கள். யாரையும் யாரும் விரட்டவில்லை. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். நம் பகுதியில் பிரிவினை வந்தது இப்படித்தான், சத்தமில்லாமல்.

நான்கு சல்லடைகள்

சாதியைக் கேட்காமலே சாதிவாரியாகப் பிள்ளைகளைப் பிரிக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதல் சல்லடை பணம். கட்டணம் மட்டுமல்ல, வேன், சீருடை, நோட்டுப் புத்தகம், ஆண்டு விழா எல்லாம் சேர்ந்ததுதான் பள்ளிச் செலவு. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நிலமும் நிலையான வேலையும் தலைமுறைகளாக யாருக்குக் கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பது நாம் அறிந்ததே. ஆகவே பணத்தால் சலித்தால் பெருமளவு சாதியாலும் சலித்ததாகிவிடுகிறது.

இரண்டாவது சல்லடை மொழி. ஆங்கிலம் பேசும் பெற்றோரின் பிள்ளைக்கு ஆங்கில வழிப் பள்ளி வீட்டின் நீட்சி. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அது அயல்நாடு. வீட்டுப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை என்பதற்காகவே அந்தப் பிள்ளை மந்தமானது என்று முடிவு கட்டப்படுகிறது.

மூன்றாவது சல்லடை தொலைவு. நகரத்தின் ஓரத்தில், ஏரிக்கரையில், கல்குவாரி அருகே, செங்கல் சூளையில் யார் வாழ்கிறார்கள்? திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் குடும்பத்தோடு வேலை செய்யும் இருளர் மக்களின் பிள்ளைகளுக்கும், வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளி வேன் வருவதில்லை.

நான்காவது சல்லடை தாள்கள். பிறப்புச் சான்று, ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பட்டியல் நீள்கிறது. ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் சான்று தருவார். பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் தரவேண்டும். தாளில்லாத பெற்றோர் பள்ளி வாசலில் கூச்சத்தோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

ஆவடியில் வாழும் நரிக்குறவர் மக்களின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெடுங்காலம் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். தங்களைப் பழங்குடியினராக ஏற்கவேண்டும் என்று பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 2022-இல் அவர்கள் வீட்டுப் பள்ளி மாணவியர் துணிந்து பேசியது ஊடகங்களில் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் முதல்வரே அவர்கள் குடியிருப்புக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்ற, 2023-இன் தொடக்கத்தில் நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தனர். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் சரியான பெயரில் எண்ணப்படுவதற்கே இத்தனை காலம் ஆயிற்று.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். திருவள்ளூர் மாவட்டத்தில் இது மாநிலச் சராசரியைவிடவும் சற்று அதிகம். அப்படியானால், எந்தச் சல்லடையும் இல்லாத ஒரு பள்ளியில், ஐந்து பிள்ளைகளில் ஒருவராவது அந்தச் சமூகத்தவராக இருக்கவேண்டும். இது மிக எளிய அளவுகோல். எந்தப் பள்ளி நிர்வாகமும் தன் சேர்க்கைப் பதிவேட்டை வைத்து ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மாணவரின் சமூகப் பிரிவும் அரசின் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் ஏற்கெனவே பதிவாகித்தான் இருக்கிறது.

ஆவடியிலுள்ள கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் இந்த அளவுகோல் விதியாகவே இருக்கிறது. புதிய சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, 2021-22 முதல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்று இடம் ஒதுக்கப்படுகிறது. அரசுப் பள்ளிகளிலோ வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. கட்டணத்தை நம்பி நடக்கும் தனியார் பள்ளியில் மட்டும், யார் உள்ளே வருகிறார் என்பதைச் சந்தையே தீர்மானிக்கிறது.

கணக்கில் வராத நம் பிள்ளை

இங்கே நமக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே தரப்பட்டது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. இதை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றையும் மத்திய அரசு அமைத்தது.

தமிழகத்தில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதனால் என்ன நடக்கிறது? ஒரே தெருவில், ஒரே வகையான கூரைக்குக் கீழே, ஒரே இழிசொல்லைக் கேட்டு வளரும் இரண்டு பிள்ளைகளில், இந்துப் பிள்ளை பள்ளிப் பதிவேட்டில் பட்டியல் சாதி. கிறிஸ்தவப் பிள்ளை பிற்படுத்தப்பட்ட வகுப்பு. சில உதவித்தொகைகளும் சலுகைகளும் இரண்டாவது பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. ஒரு கத்தோலிக்கப் பள்ளி தன் மாணவரில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் என்று மனநிறைவோடு அறிக்கை தரும்போது, அந்தக் கட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் எத்தனை பேர், ஒருவராவது உண்டா என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டிலுள்ள 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று சொல்கிறது. அப்படியானால் இது திருச்சபையில் ஏதோ ஒரு சிறு பகுதியினரின் பிரச்சனை அன்று. இது திருச்சபையின் பெரும்பான்மையோரின் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி.

சட்டம் தந்த விலக்கு, மனச்சான்று தராத விலக்கு

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும் என்றது. அவர்களுடைய கட்டணத்தை அரசு ஈடு செய்யும். நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து வடிகட்டுவதையும் அதே சட்டம் தடை செய்தது. தமிழகத்தில் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவானோர், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்றோர், துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகள் முதலியோர் இதில் வருகிறார்கள். குறைகள் பல உண்டு. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிச் சிக்கல் எழுந்ததால் 2025-26 கல்வியாண்டின் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. இருந்தும், வேறு எவ்வழியிலும் அந்த வாசலை மிதிக்க முடியாத பல பிள்ளைகள் இதனால் உள்ளே சென்றார்கள்.

நம் பள்ளிகள் இச்சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையைச் சுட்டி, 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவிபெறும் பள்ளி, உதவிபெறாப் பள்ளி என்ற வேறுபாடின்றி எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கு அளித்தது. 2025 செப்டம்பர் முதல் நாள், இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் சரித்தன்மை பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அதை அனுப்பிவைத்தது.

இதற்கிடையில் 2021-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிள்ளைகள் 8.76 விழுக்காடு மட்டுமே என்றும், கிறிஸ்தவப் பள்ளிகளில் 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் அல்லாதோர் என்றும் அது கூறியது. இந்தக் கணக்கு விவாதத்துக்கு உள்ளானது. பிற சமயப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவது நமக்குப் பெருமையே, அதில் குறையேதுமில்லை. ஆனால் முதல் எண்ணை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் சொந்தக் கணக்கை நாமே எடுத்து வைத்திருந்தால், பிறர் கணக்குக்கு நாம் பதில் சொல்லியிருக்கலாம்.

சிறுபான்மை உரிமை நமக்கு அரண். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளைச் சேர்க்கும்படி சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதும், சேர்க்கக் கூடாது என்று தடுக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. நாமாக விரும்பிச் செய்ய எந்த நீதிமன்றமும் தடையாக இல்லை.

ஒரே வளாகம், இரண்டு வாசல்கள்

நம்மில் பலர் பார்த்திருப்போம். ஒரே கோவில், ஒரே மதிற்சுவர். ஒரு பக்கம் தமிழ் வழி உதவிபெறும் பள்ளி. கட்டணமில்லை, மதிய உணவு உண்டு, கட்டடம் பழையது. மறு பக்கம் ஆங்கில வழிப் பள்ளி. கட்டணம் உண்டு, கட்டடம் புதியது. இரண்டையும் நடத்துவது ஒரே சபை, ஒரே நல்லெண்ணம். ஆனால் மணி தனித்தனியாக அடிக்கிறது. விளையாட்டு மைதானத்துக்குத் தனித்தனி நேரம். ஆண்டு விழாவும் தனித்தனி.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கில வழிப் பள்ளியின் வருமானம்தான் பழைய கட்டடத்துக்கு ஓடு மாற்றுகிறது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. பெற்றோரும் ஆங்கிலத்தையே கேட்கிறார்கள். தலித் பெற்றோரும் கடன் வாங்கியாவது கேட்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை இந்த வளாகத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குத் துணியோடு வருபவருக்குத் தரையும் காட்டுவதைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. இரண்டு வாசல்களும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்வது அதைத்தான்.

பிரிந்து வளரும் பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆகிறார்கள் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவும், கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வெறுப்பு போய்விடாது என்று நாங்குநேரி காட்டுகிறது. ஆனால் பக்கத்தில் உட்காரவே விடாத ஏற்பாடு வெறுப்பை ஒருநாளும் குறைக்காது.

நம்பிக்கை தரும் நிகழ்வுகளும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 சூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, அது தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் இன்னும் நம் கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி. அந்தப் பள்ளிகளை நாம் சுமையாக நினைக்காமல் நம் மணிமகுடமாக நினைக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எண்ணுவோம். ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியும் ஆண்டுதோறும் தன் மாணவரின் சமூக நிலையை, தலித் கிறிஸ்தவரைத் தனியே காட்டி, பங்குப் பேரவை முன் வைக்கலாம். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இரண்டாவது, இடம் தருவோம். சட்டம் கேட்காவிட்டாலும், ஆங்கில வழிப் பள்ளியின் நுழைவு வகுப்பில் குறிப்பிட்ட இடங்களை வறிய பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். அவர்களைத் தனிப் பிரிவில் வைக்காமல் எல்லோரோடும் அமர்த்துவது முக்கியம்.

மூன்றாவது, வாசல்களை இணைப்போம். இரண்டு பள்ளிகள் உள்ள வளாகத்தில் காலை வழிபாடு, நூலகம், மைதானம், ஆண்டு விழா ஆகியவற்றையாவது ஒன்றாக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

நான்காவது, துணை நிற்போம். அன்பியத்தில் படித்த இளையோர் இருவர், சான்றிதழ் எடுக்க அலையும் ஒரு குடும்பத்தோடு வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்வந்தால் ஒரு பிள்ளையின் படிப்பு தப்பிக்கும். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தோள் கொடுப்பதும் நம் கடமையே. நம் பிள்ளை அங்கே படிக்கவில்லை என்பதால் அது அடுத்தவர் பள்ளி ஆகிவிடாது.

அன்புக்குரியவர்களே, ஆவடியில் 1955-இல் சொல்லப்பட்ட சமதர்மம் தீர்மானத் தாளில் இருக்கிறது. அது நிறைவேற வேண்டிய இடங்களில் ஒன்று நம் பள்ளி வாசல். நாளை காலை எட்டு மணிக்கு வேனில் ஏறும் பிள்ளையும் நடந்து போகும் பிள்ளையும், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் நிலையையாவது உருவாக்குவோம்.

அன்பியங்களில் கலந்துரையாட:

1. நம் தெருப் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போகிறார்கள்? அதற்கு என்ன காரணம்?

2. நம் பங்கில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உண்டா? அவர்கள் வீட்டுக்கு நாம் எப்போதாவது போயிருக்கிறோமா?

3. நம் பங்குப் பள்ளியின் வாசல் யாருக்கு எளிதாகவும் யாருக்குக் கடினமாகவும் இருக்கிறது?